செம்மணாறு தெளிந்த பிறகு

ஐப்பசி மழையில் செம்மணாறு கரைபுரண்டு வந்த அன்று சிலுவைத்துறையில் ஒருவரும் வீட்டில் இல்லை. முகத்துவாரத்துப் பாலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் அது தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். கடலுக்குள் வெகுதூரம் போகும். கொடித்தீவைச் சுற்றிலும் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிடும். இந்த ஆண்டு வந்த வெள்ளத்தின் அடியில் கூழாங்கல் தெரிந்தது.

சலேத் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற அண்ணன் கஸ்பார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் கவனிக்காதபடி முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றான்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் பிறந்து, கடலுயிரியல் படித்து, நகரத்தில் ஒரு கடலாய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் கொடித்தீவின் பவளப்பாறைகளைத்தான் கவனித்துவந்தாள். மீனவர்கள் அவற்றைப் ‘பார்’ என்பார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு கீழே இறங்குவாள். நீட்டிய கை தெரியாது. தடவித் தடவிப் பாரைக் கண்டுபிடித்தால் அதன்மேல் விரல் கனத்துக்குச் சேறு படிந்திருக்கும். பவளம் பாறை அல்ல, மிகச் சிறிய உயிர்கள் லட்சக்கணக்கில் கூடிக் கட்டிய வீடு. அந்த உயிர்களின் உடம்புக்குள்ளேயே ஒரு பாசி குடியிருந்து வெயிலை வாங்கி அவற்றுக்குச் சோறு போடுகிறது. கலங்கலில் வெயில் இறங்காது. சோறும் இல்லாமல், மேலே விழுகிற மண்ணைத் தள்ளித் தள்ளியே அவை ஓய்ந்துபோகும். மேற்கே காட்டை வெட்டினார்கள், செம்மண்ணைத் தோண்டி லாரி லாரியாக விற்றார்கள், ஆற்றுக் கரையெல்லாம் மொட்டையானது. இதை நிறுத்துங்கள் என்று சலேத் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். லாரிகள் நிற்கவில்லை.

பிறகுதான் தேற்றான் வந்தது.

அதை உருவாக்கிய உமையாள் காரைக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய நுண்ணுயிர் ஆய்வாளர். தேத்தாங்கொட்டையை உரைத்துக் குடத்தில் விட்டால் கலங்கிய தண்ணீர் தெளியும் அல்லவா, அந்தக் கொட்டையின் பெயரைத்தான் தன் நுண்ணுயிருக்கு வைத்திருந்தார். ஊர்க்கூட்டத்துக்கு வந்த அன்று ஒரு கண்ணாடிக் குவளையில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, ஒரு சொட்டு தேற்றானை அதில் விட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். இது தன்னைச் சுற்றிலும் கோழைபோல் ஓர் இழையைச் சுரக்கும், மண் துகள் அதில் ஒட்டும், ஒட்ட ஒட்டக் கனத்து மேலே உள்ள தடுப்பணைகளிலேயே அடியில் படிந்துவிடும் என்றார். மனிதர் குடித்தாலும் ஆடுமாடு குடித்தாலும் ஒன்றும் ஆகாது. அவர் பேசி முடித்தபோது குவளைத் தண்ணீர் பளிங்காக இருந்தது. சில பெண்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கஸ்பார் எழுந்து, இது கடலுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். உப்பு பட்டால் செத்துவிடும், அப்படித்தான் இதை அமைத்திருக்கிறோம் என்றார் உமையாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊரார் சலேத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் சோதனை விவரங்களைப் படித்திருந்தாள். உப்புநீர்த் தொட்டிகளில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

“நான் பாத்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல” என்றாள்.

தேற்றானை ஆற்றில் விட்டார்கள். வெள்ளம் தெளிந்து வந்த அந்த ஆண்டு தை மாதம் கொடித்தீவில் இறங்கியபோது, முழுப் பாரையும் அவள் முதல்முறையாக ஒரே பார்வையில் கண்டாள். மான்கொம்புப் பவளம் தோப்புத் தோப்பாக நின்றது. தட்டுப் பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பல வருஷம் இருட்டில் பேசிப் பழகியவர்களைத் திடீரென்று விளக்கைப் போட்டுப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. அடுத்த ஆண்டு அவற்றின் நுனியெல்லாம் வெள்ளையாகத் துளிர்விட்டு வளர்ந்தன. அடியில் கண்ணாடி பதித்த படகுகள் வந்தன, சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். வேறு மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் ஆறுகளிலும் தேற்றானை விட்டார்கள். செய்தித்தாளில் வந்த படங்களிலெல்லாம் உமையாள் கூச்சத்தோடு ஓரமாக நிற்பார்.

கஸ்பாருக்குத்தான் மீன் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வலையைக் குற்றம் சொன்னான். தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருந்தால் மீனுக்கு வலை தெரியாமலா போகும்? மெல்லிய நரம்பு வலை வாங்கினான், பிறகு நீல நிற வலை வாங்கினான். ஊரில் மற்றவர்களுக்கும் அதே கதைதான். கண்ணாடிப் படகுகளின் எஞ்சின் சத்தம்தான் மீனை விரட்டுகிறது என்று அவன் உறுதியாக நம்பினான். ஒருநாள் அந்தப் படகோட்டிகளில் ஒருவனோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டையும் போட்டான். கழிமுகத்தில் மொய்க்கும் சூடை மீன் குஞ்சுகளைக்கூடக் காணோம் என்று பெண்கள் கோயில் வாசலில் சலேத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சுற்றுலாத் துறைக்குச் சொல்லி எஞ்சின் சத்தத்தைக் குறைக்கச் செய்வதாக அவள் சொன்னாள். அவளுக்கும் வேறு காரணம் தெரிந்திருக்கவில்லை.

பவளம் ஆண்டுக்கு ஒருமுறை கருவிடும். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி ஓர் இரவில், பார் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து முட்டைகளை உருண்டை உருண்டையாக வெளியே விடும். அவை மேலே மிதந்து உடைந்து, ஒன்றோடொன்று கலந்து கருவாகி, நீரோட்டத்தில் சில நாள் அலைந்துவிட்டு எங்கோ ஒரு கல்லில் போய் ஒட்டும். விடியும்போது கடல்மேல் ரோஜா நிறத்தில் ஒரு படலம் மிதக்கும், ஒரு கவிச்சி வாடை வரும். பார் பூத்துவிட்டது என்பார்கள் சிலுவைத்துறையில். பௌர்ணமியைக் கணக்கிட்டுத்தான் ஈஸ்டர் என்கிற பாஸ்காவும் வருவதால் பெரும்பாலும் அது புனித வாரத்தில்தான் நடக்கும்.

தேற்றானை விட்ட மூன்றாம் ஆண்டு புனித சனியன்று விடிகாலையில் கஸ்பார் அவளைப் படகில் கூட்டிப்போனான். பெரிய வெள்ளிக்கு யாரும் தொழிலுக்குப் போகாததால் கடலில் வேறு படகு இல்லை. முந்தின இரண்டு ஆண்டும் வெளிநாட்டுப் பயிற்சி, விருது விழா என்று அவள் அந்த வாரத்தில் ஊரில் இல்லை. இந்த முறை நல்ல கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்.

கடல் சுத்தமாகக் கிடந்தது. படலம் இல்லை, வாடையும் இல்லை. ஒருநாள் தள்ளிப் போயிருக்கலாம் என்று கஸ்பார் சொன்னான். சலேத் இறங்கிப் பார்த்தாள்.

பார் பூத்துத்தான் இருந்தது. மான்கொம்புக் கிளைகளுக்கு நடுவிலும், மணல் குழிகளிலும், ரோஜா நிறத்தில் ஏதோ சளிபோல் தொங்கிக்கொண்டும் படிந்துகொண்டும் கிடந்தது. கையால் அள்ளினாள். இழை இழையாக நீண்டது. அதற்குள் முட்டைகள், கோர்த்த மணிபோல் ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே அழுகத் தொடங்கியிருந்தன.

அன்று மாலையே உமையாள் வந்துவிட்டார். ஆய்வு நிலையத்து நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“உயிரோட இருக்கு” என்றார்.

“உப்புல செத்துரும்னு சொன்னீங்களே மேடம்.”

“செத்துச்சு. கோடியில ஒண்ணு சாகாம இருந்திருக்கு. அந்த ஒண்ணு பெருகியிருக்கு.”

ஆற்றில் போட்டது மண்ணைப் பிடிக்கத்தானே, முட்டையை ஏன் பிடிக்கிறது என்று சலேத் கேட்டாள்.

“மண்ணுன்னு அதுக்கு யார் சொன்னது? தண்ணியில மெதக்கறதை ஒட்டிக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மழைக்காலத்துல ஆத்து மண்ணு வந்துகிட்டே இருக்கு, அதைப் பிடிக்கறதுக்கே அதுக்குச் சரியா இருக்கும். பங்குனியில ஆறு வத்திக் கெடக்கு. அப்ப கடல்ல மெதக்கறது வேற என்ன இருக்கு? முட்டைதான். பவள முட்டை, மீன் முட்டை, இறால் குஞ்சு, எல்லாம்.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

உமையாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “பால்ல ஒறை விட்டாச்சு சலேத். தயிரானதுக்கு அப்புறம் அந்த ஒரு சொட்டை மட்டும் எப்படி எடுக்கறது?”

கஸ்பாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சலேத் வழியெல்லாம் யோசித்தாள். வீட்டுக்குப் போனபோது அவன் பாஸ்கா பூசைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். மீன் எங்கேயும் ஓடிப்போகவில்லை, பிறக்கவே இல்லை என்று சொன்னாள். எஞ்சின் சத்தம் இல்லை என்றும் சொன்னாள். அவன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

“ஏளா, நீ பாத்துட்டேன்னு சொன்னியே” என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் கேட்டது, இனி என்ன செய்யலாம் என்பதுதான். தெரியவில்லை என்றாள். அவன் தலையசைத்துவிட்டு, தான் சண்டை போட்ட அந்தப் படகோட்டியிடம் பூசைக்குப் போகிற வழியில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றான். அடுத்த மாதத்தில் தன் வலைகளை மூட்டை கட்டிவிட்டு அவனே ஒரு கண்ணாடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். பயணிகளுக்குப் பவளத்தைக் காட்டுவது அவன் வேலை.

தேற்றானை ஆறுகளில் விடுகிற அரசுத் தெளிவுத் திட்டத்தின் இயக்குநர் சலேத்தையும் உமையாளையும் மரியாதையாக உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. கொடித்தீவுப் பவளத்தின் புதிய படங்கள் அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்தன. உங்கள் அறிக்கையை மேலே அனுப்புகிறேன், ஆனால் இந்தத் திட்டத்துக்குத் தண்ணீரின் தெளிவை அளக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள், அது இதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்றார். தவிர, இப்போது தேற்றானை விடுவதை நிறுத்தினால் மட்டும் என்ன மாறப்போகிறது என்றும் கேட்டார். அது உண்மை. உமையாள் தரையைப் பார்த்தார்.

“உங்க பவளம் நல்லாத்தானம்மா இருக்கு?” என்றார் இயக்குநர், சுவரைக் காட்டி.

“நல்லா இருக்கு சார். இப்படியே அழகா இருக்கும். வயசாகி ஒவ்வொண்ணா சாகும். அதுக்குப் பின்னால வர ஒண்ணும் இருக்காது.”

“அதுக்கு எவ்வளவு காலம் ஆகும்?”

“முப்பது, நாப்பது வருஷம் ஆகலாம்.”

அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை அவள் பார்த்தாள். அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறவருக்கு முப்பது வருஷம் என்பது யாரோ ஒருவருடைய காலம்.

அந்த ஆண்டு முழுவதும் உமையாள் தன் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. தேற்றானைக் கொல்லும் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். குடுவையில் அது ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றது. கடல்நீர்த் தொட்டியில் விட்டபோது தேற்றான் சில வாரங்களில் தன்னை மாற்றிக்கொண்டு மறுபடி எழுந்தது. தொலைபேசியில் பேசும்போது அவர் குரல் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இதற்கிடையில் வடக்கே இன்னும் இரண்டு ஆறுகள் தெளிந்துவிட்ட செய்தி வந்தது. அங்கேயும் மக்கள் பாலத்தில் நின்று பார்த்தார்களாம்.

மாசி மாதம் அவர் சலேத்தைக் கூப்பிட்டு, ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றார்.

“முட்டை வர்ற நேரத்துல அதுக்கு வேற வேலை குடுக்கணும். பிடிக்கறதுக்கு எதாவது வேணும். மண்ணைக் கொட்டினா, அந்தக் கொஞ்ச நேரம் முட்டையை விட்டுடும்.”

“பவளத்து மேல மண்ணைக் கொட்டவா மேடம்?”

“ஆமா” என்றார் உமையாள். “உங்க பவளத்து மேலதான்.”

சலேத் போனை வைத்தாள். இந்த மண்ணை நிறுத்தத்தான் அவள் இத்தனை வருஷம் அலைந்தாள். பாதுகாக்கப்பட்ட பாரில் மண் கொட்டுவது குற்றம். அந்தச் சட்டத்துக்கு யோசனை சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. முறைப்படி அனுமதி கேட்டாள், எதிர்பார்த்தபடியே மறுத்துவிட்டார்கள். கஸ்பாரிடம் சொன்னபோது அவன் எவ்வளவு மண் வேண்டும் என்று மட்டும் கேட்டான். முடிந்த அளவு என்றாள்.

பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வந்த பெரிய வியாழன் மாலை, ஊரே கோயிலில் இருந்தபோது, தேரி மண்ணை உரச் சாக்குகளில் கட்டிப் படகில் ஏற்றினார்கள். கஸ்பார் தன் பழைய ஃபைபர் படகை எடுத்துவந்திருந்தான். துணைக்கு வருவதாகச் சொன்ன இருவர், வனத்துறைப் படகுக்குப் பயந்து கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் மூவர்தான். உமையாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகின் ஓரத்தை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கடல் பழக்கமில்லை; வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

பாருக்கு மேலே போய் எஞ்சினை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த வெளிச்சத்தில் கீழே ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. முதல் சாக்கை அவிழ்த்து வைத்துக்கொண்டு சலேத் கொஞ்சம் தயங்கினாள். அண்ணன் காத்திருந்தான். அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள்.

கடல் சிவந்தது. பழைய மழைக்காலங்களின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கிளைகளை மூடியது. சிறிது நேரத்தில் அது தெளியத் தொடங்கும், மறுபடி போடுவார்கள். அந்த இரவு அப்படியே போனது. பாதிச் சாக்குகளை விடியலுக்கென்று உமையாள் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தார்.

கிழக்கு வெளுத்தபோது கஸ்பார் தலையைத் தூக்கி மோந்து பார்த்தான்.

“பார் பூத்துருக்கு” என்றான் மெதுவாக.

படகைச் சுற்றிலும் செந்நீர்மேல் ரோஜா நிறப் படலம் மிதந்தது. பெரிதாக இல்லை, ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு இருக்கும். ஆனால் மிதந்தது. சலேத் குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தினாள். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உருண்டன. உமையாள் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

காற்று எழுந்தது. நீரோட்டம் படலத்தைத் தென்கிழக்கே இழுத்தது. இன்னும் நாலைந்து நாள் அது இப்படி மிதந்தால்தான் ஒரு கல்லைத் தேடிப் போய் ஒட்டும். சிவப்புத் தண்ணீரின் விளிம்பு நெருங்கியது. அதற்கு அப்பால் கடல் கண்ணாடியாக இருந்தது.

“முன்னால போங்கண்ணே” என்றாள் சலேத்.

கஸ்பார் எஞ்சினை மெல்ல ஓட்டிப் படலத்தைச் சுற்றிக்கொண்டு அதன் முன்னால் போனான். சலேத்தும் உமையாளும் ஆளுக்கு ஒரு பக்கமாக மண்ணை வாரி இறைத்தார்கள். படலம் அந்தச் சிவப்புக்குள் வந்தது. மறுபடி முன்னால் போனார்கள், மறுபடி இறைத்தார்கள். சூரியன் ஏறியது. கொடித்தீவு பின்னால் சிறுத்தது. மண் வீசும் சத்தமும் எஞ்சின் சத்தமும்தான். படலம் ஒவ்வொரு ஓரமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஓரத்தில் நழுவியவை தெளிந்த தண்ணீரைத் தொட்டதும் சேர்ந்து நூலாகி இறங்குவதை அவர்களால் அடிவரைக்கும் பார்க்க முடிந்தது.

கடைசிச் சாக்கைக் கவிழ்த்தபோது படலம் ஒரு பாய் அளவுக்கு மிஞ்சியிருந்தது. சலேத் படகின் தரையில் சிந்திக் கிடந்த மண்ணைக் கையால் கூட்டி எடுத்துப் போட்டாள். தண்ணீர் இறைக்கும் டப்பாவால் கஸ்பார் மூலைகளைச் சுரண்டிக் கொடுத்தான். அதுவும் தீர்ந்தது.

“ஏளா, கரைக்குப் போயி இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வந்துருவமா?”

கரை தெரியவில்லை. போய்வர எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்கும் தெரியும். படலத்தின் முன்விளிம்பு சிவப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. படகின் மறுபக்கத்தில் உமையாள் காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடலில் முக்கி, அதன் இழைகளில் ஒட்டியிருந்த மண் கரையும்படி பிழிந்துகொண்டிருந்தார்.